ஆபரேஷன் முடிந்த ஆய்வக ஆட்டுக்கும் ஒரு 'கேஸ் ஷீட்' வேண்டும்: ஏன், எப்படி?

பாறசாலை, நெய்யாற்றின்கரை, குன்னத்துகால் போன்ற எல்லை ஊர்களில் யாருக்காவது இதய வால்வு பழுது என்றால், முதலில் காதில் விழும் பெயர்களில் ஒன்று திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா. அங்கே 1990 டிசம்பர் 6-ம் தேதி, இந்தியாவில் உருவான சித்ரா செயற்கை வால்வு முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழுவின் உழைப்பு அது. முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை, நான்காவதுதான் வென்றது.

மனிதருக்கு முன்னால் அந்த வால்வு துடித்தது செம்மறி ஆடுகளின் நெஞ்சில். மார்பைத் திறந்து வால்வு வைத்த பிறகு, அந்த ஆடு எப்போது எழுந்தது, எப்போது தின்றது, வலி இருந்ததா? இதையெல்லாம் யாராவது எழுதி வைத்தால்தான், அடுத்து மனிதருக்கு வைக்கலாமா என்று முடிவு செய்ய முடியும். அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டம், 1960. அதன் 15-வது பிரிவு, விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்க வழி செய்கிறது. சிபிசிஎஸ்இஏ என்று பல ஆண்டுகள் அறியப்பட்ட இந்தக் குழுவின் இப்போதைய பெயர் சிசிஎஸ்இஏ.

பிரிவு 17-ல் நமக்கு முக்கியமானவை மூன்று. அறுவை சிகிச்சை முடிந்தவரை மயக்க மருந்தோடு நடக்க வேண்டும். பரிசோதனைக்கு முன்பும் பின்பும் விலங்கைச் சரியாகக் கவனிக்க வேண்டும். பரிசோதனை பற்றிய பதிவுகளை முறையாகப் பராமரிக்க வேண்டும். அதாவது கவனிப்பும் பதிவும் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

பிரிவு 18-ன்படி, குழு அனுமதித்த அதிகாரி நேரில் வந்து பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம். 1998-ல் வந்த விதிகளில் இதற்கான படிவங்கள் உண்டு. வாங்கிய விலங்குகளையும் செய்த பரிசோதனைகளையும் ஆய்வாளர் எழுத வேண்டியது 'டி' படிவம்.

அனுமதி தருவது யார்?

ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கும். விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், வெளியாள் ஒருவர், அறிவியல் துறை சாராத சமூக உறுப்பினர், மத்தியக் குழுவின் பிரதிநிதி என்று கலந்த குழு. எலி, சுண்டெலி போன்ற சிறு விலங்கு என்றால் இந்தக் குழுவே முடிவு செய்யும். ஆடு, நாய், குரங்கு என்றால் மத்தியக் குழு வரை போக வேண்டும்.

பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

- விலங்கின் அடையாள எண், எடை, அறுவை சிகிச்சையின் பெயர், செய்தவர் பெயர்
- மயக்க மருந்து: எது, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு
- மயக்கம் தெளியும்வரை உடல் வெப்பம், இதயத் துடிப்பு, மூச்சு. பொதுவாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை
- வலி நிவாரணி கொடுத்த நேரமும் அடுத்த டோஸ் நேரமும்
- பிறகு தினமும் தீனி, தண்ணீர், எடை, காயத்தின் நிலை, தையல் பிரித்த தேதி
- நிலைமை மோசமானால் யாரை அழைத்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள்
- ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து

மிருகத்துக்கு மிருகம் கவனிக்க வேண்டியது மாறும். சுண்டெலிக்கு மயக்கத்தில் உடல் சூடு சட்டென்று இறங்கிவிடும். கண் திறந்தபடியே கிடப்பதால் களிம்பு போடாவிட்டால் காய்ந்துபோகும். ஆட்டைப் பக்கவாட்டில் கிடத்தியே வைத்திருந்தால் வயிற்றில் வாயு கட்டி ஊதிவிடும். அதனால் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். ஆடு வளர்க்கிற வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அசை போடலைன்னா ஏதோ சரியில்லை. ஆய்வகப் பதிவேட்டிலும் 'அசை போட்டது' என்ற வரி நல்ல செய்திதான்.

வலியை எப்படி எண்ணாக்குவது?

மற்ற விலங்குகளுக்கு இரையாகும் மிருகங்கள் வலியை மறைக்கும். 'சுறுசுறுப்பாக இருக்கிறது' என்று எழுதினால் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று. 2010-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு சுண்டெலிக்கான முகபாவ அளவுகோலை வெளியிட்டது. கண் சுருங்குதல், மூக்குப் புடைப்பு, கன்னப் புடைப்பு, காதின் நிலை, மீசை மாற்றம் என ஐந்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மதிப்பெண் ஏறினால் மருந்து போதவில்லை என்று காலை ஷிஃப்ட்காரருக்கும் இரவு ஷிஃப்ட்காரருக்கும் ஒரே மாதிரி புரியும்.

எழுதாவிட்டால் என்ன ஆகும்?

முதல் நஷ்டம் விலங்குக்கு. இரவு 10 மணி டோஸ் கொடுத்தாச்சா இல்லையா என்று தெரியாவிட்டால், ஒன்று வலி, இல்லையென்றால் இரட்டை டோஸ்.

இரண்டாவது நஷ்டம் தரவுக்கு. வலியில் இருக்கும் விலங்கு சரியாகத் தின்னாது, எடை குறையும், ஹார்மோன்கள் மாறும். எடை இறங்கியது சோதிக்கும் மருந்தாலா, ஆற்றாத வலியாலா? பதிவு இல்லையென்றால் பிரிக்கவே முடியாது. பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு இன்னும் சில உயிர்கள்.

இது கற்பனைப் பயமில்லை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரசு நிதியில் நடந்த விலங்குப் பரிசோதனைகள் பற்றிய 271 கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தது. நோக்கத்தையும், விலங்குகளின் எண்ணிக்கையையும் தன்மைகளையும் ஒழுங்காகச் சொன்னவை 59% மட்டுமே. இதையடுத்துத்தான் 2010-ல் 'அரைவ்' என்ற வழிகாட்டி நெறிகள் வந்தன, 2020-ல் திருத்தப்பட்டன.

தண்டனை?

இந்தியச் சட்டத்தின் 20-வது பிரிவில் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். ஆமாம், இருநூறுதான். ஆனால் பிரிவு 19-ன்படி பரிசோதனையையே நிறுத்தும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. நிறுவனங்கள் பயப்படுவது இதற்குத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பயோடெக், மருந்து நிறுவனம், ஒப்பந்த ஆய்வகம் என்று வேலை பார்க்கிறவர்கள் மூன்றை மட்டும் சரிபாருங்கள். நேரம் அப்போதே எழுதப்படுகிறதா, சாயங்காலம் மொத்தமாக நிரப்பப்படுகிறதா? சனி, ஞாயிறு கட்டங்கள் காலியாக இருக்கின்றனவா? எந்த நிலைக்கு மேல் விலங்கை வதைக்கக் கூடாது என்ற எல்லை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறதா?

ஆட்டால் 'வலிக்குது'ன்னு சொல்ல முடியாது. அதற்காகச் சொல்லக்கூடியது அந்தத் தாள் மட்டும்தான்.