தொலைந்துபோன ஹெர்மெஸ்

1937 அக்டோபர் 28. ஹைடல்பெர்க்கில் கார்ல் ரைன்முத் எடுத்த புகைப்படத் தகட்டில், நட்சத்திரங்களுக்கு நடுவே நீளமாய் ஒரு கீறல். வேகமாக ஓடும் சிறுகோள் அப்படித்தான் பதியும். இரண்டே நாளில் அது நிலவின் தூரத்தைப்போல ஏறக்குறைய இருமடங்கில் பூமியைக் கடந்துபோனது. ஹெர்மெஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆள்தான் காணோம்!

சில நாள் அவதானிப்பை வைத்துச் சுற்றுப்பாதை போடுவது, உடைந்த வளையல் துண்டைப் பார்த்து முழு வளையலை வரைகிற மாதிரி. கொஞ்சம் பிசகினாலும் அடுத்த சுற்றில் எங்கே தேடுவது?

2003 அக்டோபர் 15 அன்று அரிசோனாவில் பிரையன் ஸ்கிஃப் கண்ணில் மறுபடி பட்டது. ரேடாரில் பார்த்தால் ஒன்றில்லை, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பாறைகள். பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோதுதான் தெரிந்தது, 1942இல் அது இன்னும் நெருங்கி வந்திருக்கிறது என்று. உலகப்போர் நேரம். ஒருத்தரும் கவனிக்கவில்லை.