கொம்பு போன வழி

பழனி மலையில், பூம்பாறையின் பூண்டு வயல்களுக்கு மேலே, சோலைக்காட்டு ஓரத்தில், ஓர் ஆண் கடமானின் தலையில் அது முளைக்கிறது. மாட்டுக்கொம்பு போல ஒருமுறை வளர்ந்து கடைசிவரை நிற்பதல்ல மான்கொம்பு. அது முழுக்க எலும்பு. விழும், மறுபடி முளைக்கும். வளரும் காலத்தில் ரத்தம் ஓடும் மயிர்த்தோல் அதைப் போர்த்தியிருக்கும். சில மாதங்களுக்குள் இவ்வளவு எலும்பைக் கட்டி எழுப்ப அன்றாட மேய்ச்சல் போதாது. மான் தன் விலா எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கிறது. பிறகு தோல் காய, மரத்தில் உரசி உரித்துக்கொண்டு இணைசேரும் பருவத்துக்குத் தயாராகிறது.

முதல் கொம்பு வெறும் குச்சி. அடுத்தது கவடு. அதற்கப்புறம்தான் பக்கத்துக்கு மூன்று கிளை. நல்ல வயதில் பருத்து, கிழடு தட்டினால் மறுபடி சிறுக்கும். ஆகவே சிறுத்த கொம்போடு நிற்கும் ஒரு கலை, அதாவது ஆண் மான், இளசா, கிழடா, பசியில் கிடந்ததா, பிறவியிலேயே அப்படியா என்று தூரத்திலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான்.

உதிர்ந்த கொம்பு காட்டிலேயே கிடந்தால் முள்ளம்பன்றி கொறித்துத் தின்னும். மனிதன் கைக்கு வந்தால் பயணம் நீளும். இந்தியக் கடமான் கொம்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்திப்பிடியானது. உள்ளே துளை குறைந்து கெட்டியாக இருப்பதால் மற்ற மான்களின் கொம்பைவிட இதற்கு மவுசு. 1990-களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்ததும் கத்திக்காரர்கள் தவித்துப்போனார்கள்.

உதிராத கொம்புக்கு வேறு வழி: துப்பாக்கி, விலங்குகளைப் பாடம் செய்யும் மைசூரின் வான் இங்கன் பட்டறை, பிறகு பங்களாச் சுவர். வெள்ளைக்காரர் காலத்தில் மலைவாசஸ்தலங்களின் கௌரவம் அங்குலத்தில் அளக்கப்பட்டது. லண்டனில் அதே பாடம் செய்யும் தொழில் நடத்திய ரோலண்ட் வார்டு 1892 முதல் கொம்பு அளவுகளைப் புத்தகமாகவே போட்டார். நீலகிரியில் வேட்டை விலங்குகள் அருகிப்போக, 1879-இல் அவற்றைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. காத்தது எதற்கு? அடுத்த வருடமும் சுடுவதற்குத்தான்.

இந்தச் சுவர்க்கொம்பு ஆசையிலிருந்துதான் ஒரு யோசனை பிறந்தது. கொம்பு சிறுத்த ஆண்களைச் சுட்டுக் கழித்துவிட்டால் மந்தையே தேறிவிடும் என்பது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. நம் ஊர் ஆட்டுக்காரரும் நல்ல பொலிகிடாவை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கழிசலாக விற்றுவிடுகிறார். ஆனால் அவருக்குத் தன் கிடாவின் வயது தெரியும், தாயும் தகப்பனும் தெரியும், தீவனம் போடுவதும் அவரே. காட்டில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. போதாததற்கு, கொம்பின் வம்சக்கூறில் பாதி தாய்வழி வருகிறது. அவளுக்கோ கொம்பே இல்லை. எதைப் பார்த்துக் கழிப்பது?

அமெரிக்காவில் டெக்சாஸின் கொமான்சே பண்ணையில் இதைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி வெண்வால் மான்களைப் பிடித்து, அளந்து, தேறாத ஆண்களைப் பல ஆண்டுகள் கழித்தார்கள். கொம்பு பெருக்கவில்லை. கடுமையாகக் கழித்த பகுதியில் ஆண் மான்களின் எண்ணிக்கைதான் சரிந்தது. கனடாவின் ராம் மலையில் நடந்தது இதற்கு நேர் எதிர். பெரிய கொம்புள்ள காட்டுச் செம்மறிக் கிடாக்களையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுட்டுவந்ததால் மந்தையின் கொம்பே சிறுத்துவிட்டதாக 2003-இல் ஆய்வு வந்தது. மனிதன் தேர்ந்தெடுத்தால் காட்டு மந்தை மாறாது என்றில்லை. மாறும், ஆனால் கெடுப்பது சுலபம், திருத்துவது கடினம். பங்களாச் சுவர்களில் தொங்குவதெல்லாம் மந்தையின் சிறந்த தலைகள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பழனி மலையில் கழிக்கும் வேலையைச் செந்நாயும் சிறுத்தையும் பார்த்துக்கொள்கின்றன. அவை கொம்பை அளப்பதில்லை. ஓட முடியாததைப் பிடிக்கின்றன. மலைக்குக் குறையாக இருப்பது துப்பாக்கி அல்ல, புல். சீகை, தைலம், பைன் என்று அந்நிய மரங்களை நட்டதிலும் விவசாயம் விரிந்ததிலும், நாற்பது ஆண்டுகளில் இந்த மலையின் புல்வெளியில் 66 விழுக்காடு போய்விட்டது. சோலையில் 31 விழுக்காடு. இது 2018-இல் வெளியான ஆய்வின் கணக்கு. தன் விலாவைக் கரைத்துக் கொம்பு வளர்க்கும் விலங்கின் மேய்ச்சலை அழித்துவிட்டு, அதன் வம்சத்தைக் குறை சொல்வது என்ன நியாயம்? கொம்பு பெருக்க வேண்டுமென்றால் சீகையை வெட்டிப் புல்லை மீட்க வேண்டும். கலையை அதன் வயதுக்கு வாழ விட வேண்டும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் கொம்பின் பயணத்துக்குக் கடிவாளம் விழுந்தது. சுவரில் தொங்கும் பழைய தலைக்கும் உரிமைச் சான்றிதழ் வேண்டும். இந்த மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். பூம்பாறைப் பக்கம் காட்டோரம் நடப்பவர்கள் உதிர்ந்த கொம்பைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். அழகுக்காக எடுத்து வந்தாலும் வழக்கு வழக்குதான்.