தறி ஓய்ந்தாலும் ஓயாத சத்தம்

கோவையின் முதல் பஞ்சாலை, ஸ்டேன்ஸ் மில், 1888-இல் தொடங்கியது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. பின்னாளில் சோமனூர், பல்லடம் பக்கமெல்லாம் விசைத்தறி. நானும் தறி ஓட்டியவன்தான். நாடா அடிக்கும் அடியில் பேச்சு எடுபடாது. நாடாவில் நூல் சுற்றிய தார் தீர்ந்தால் கைச்சாடைதான்.

தறியை நிறுத்தினாலும் காதில் 'ஙொய்' நிற்காது. சத்தத்தில் செத்த உட்செவி மயிர்ச்செல்கள் திரும்ப முளைப்பதில்லை; குறைந்துபோன ஒலியை ஈடுகட்ட மூளையே எழுப்பும் இரைச்சல் அது என்றார் டாக்டர். ராத்திரி மின்விசிறிச் சத்தத்தோடு படுத்தால் தூக்கம் வருகிறது.

இரைச்சலால் வரும் காதுகேளாமை தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கிறது; எட்டு மணி நேரத்துக்கு வரம்பு 90 டெசிபல். வீட்டுத் தறிக்கூடத்தில் இரைச்சலை அளப்பவர் யார்? தறி ஓட்டும் தம்பிகளே, காதடைப்பான் போடுங்கள்.