வெள்ளைக் கேன்வாஸ் காலணியின் கதை



சிங்கப்பூரில் பள்ளிக்குச் சென்றோர் பலரும் வெள்ளைக் கேன்வாஸ் காலணியை மறந்திருக்க மாட்டார்கள். வார இறுதியில் அதனைத் துவைத்து, வெள்ளை பூசிக் காயவைப்பது பல வீடுகளில் ஒரு சடங்காகவே இருந்தது. இந்த வெண்மை எங்கிருந்து வந்தது? அதைக் காக்கும் உழைப்பு யாருடையது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

கோடும் கப்பலும்

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே துணியால் ஆன மேற்பகுதியும் ரப்பர் அடியும் கொண்ட காலணி நிலைபெற்றது. இங்கிலாந்தில் இதற்குப் 'பிளிம்சால்' என்று பெயர். கப்பலில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைக் காட்டும் கோட்டினை 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி கட்டாயமாக்கப் போராடிய சாமுவேல் பிளிம்சாலின் பெயர் அது. காலணியைச் சுற்றிய ரப்பர் பட்டை அக்கோட்டினை ஒத்திருந்ததால் இப்பெயர் வந்தது என்பர்.

தஞ்சோங் பகாருக்கு இச்செய்தி அயலானதன்று. 1864 இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் இங்கே தோன்றியது. துறைமுகத்தில் உழைத்தோருள் தமிழரும் பலர். 1877 இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி உருவாக்கினார். அதன் பின் மலாயாவின் தோட்டங்களில் பால்மரம் சீவியோருள் பெரும்பகுதியினர் தமிழர். ஆக, பிள்ளையின் காலடியில் இருந்த ரப்பரின் வரலாற்றில் நம் முன்னோரின் வியர்வையும் உண்டு.

வெண்மை வந்த வழி

காலணிக்கு வெள்ளை பூசும் வழக்கத்திற்கு முன்னோடி படைவீரர்களின் வழக்கமாகும். பிரிட்டிஷ் வீரர்கள் தம் வார்களுக்கு வெண்களிமண் பூசினர். 1880 முதல் 'பிளாங்கோ' என்னும் பூச்சுக்கட்டி அதன் இடத்தைப் பிடித்தது. டென்னிஸ் ஆடுவோரின் வெள்ளைக் காலணிகளுக்கும் இத்தகைய பூச்சு பயன்பட்டது. படையிலும் திடலிலும் ஒழுங்கின் அடையாளமாக இருந்த வெண்மை, பின்னர் பள்ளிக்கூடத்திற்கும் வந்தது.

பாட்டா நிறுவனம் 1931 இல் சிங்கப்பூரில் கடை திறந்தது. அதன் கேன்வாஸ் காலணிகள் பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளிடையே பெரிதும் பரவின. தோற்காலணியை விட விலை குறைவு என்பதால் எளிய குடும்பங்களுக்கும் அது எட்டியது.

துவைக்கும் முறை

முதலில் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். சேறு உலர்ந்த பின் தட்டித் துடைப்பது நலம். ஈரச்சேற்றைத் தேய்த்தால் அது துணியின் இழைகளுக்குள் இறங்கிவிடும். பழைய பல்துலக்கியும் சவர்க்காரமும் போதும். ஆனால் அலசுவதில் சிக்கனம் கூடாது. துணியில் எஞ்சிய சவர்க்காரமும் அழுக்கும் நீரோடு மேற்பரப்புக்கு வந்து, நீர் ஆவியானதும் மஞ்சள் கறையாகத் தங்கிவிடும். காயும்போது வெள்ளை மெல்லிழைத்தாளைச் சுற்றிவைத்தால் அக்கறை தாளுக்குப் போய்விடும். குளோரின் வெளுப்பானை மிகுதியாக ஊற்றினால் பருத்தி இழை நலியும், ரப்பரும் மஞ்சளாகும்.

வெள்ளைப் பூச்சு அழுக்கை நீக்குவதன்று. நிறமித்தூள் கொண்டு அதனை மறைப்பது. எனவே துவைத்த பின்பே, மெல்லியதாகப் பூச வேண்டும். தடித்த பூச்சு வெடித்து உதிரும், மழையில் வழியும். மழைக்காலத்தில் குளிர்பதனப் பெட்டியின் பின்னால் காலணியை வைத்துக் காயவைத்ததும், வகுப்பறைச் சுண்ணக்கட்டியால் கறையை மறைத்ததும் பலருக்கு நினைவிருக்கும்!

நாம் கருத வேண்டியது

சீருடை எல்லாப் பிள்ளைகளையும் சமமாகக் காட்டும் என்கிறோம். துணி சமந்தான், அதனை வெண்மையாக வைத்திருக்கும் நேரம் சமமன்று. இரண்டு இணை உள்ள பிள்ளை புதன்கிழமையும் ஓர் இணையைத் துவைக்கலாம். ஓரிணையே உள்ள பிள்ளை செவ்வாயன்று மழையில் நனைந்தால், வெள்ளிவரை அந்தக் கறையோடுதான் வர வேண்டும். தாய் இரவுப் பணிக்குச் செல்லும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு நாளன்று.

இன்று சில பள்ளிகள் கறுப்புக் காலணிக்கு மாறியுள்ளன. வெள்ளையே தொடரும் பள்ளிகளில், காலணியைப் பார்த்துக் கடிந்துகொள்ளும் முன், "உனக்கு எத்தனை இணை இருக்கிறது?" என்று தனியே அழைத்துக் கேட்போம். வகுப்பின் முன் கேட்கப்படும் கேள்வி தண்டனையாகிவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொடக்கநிலை மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் தன் காலணியைத் தானே துவைக்க முடியும். ஆணாயினும் பெண்ணாயினும் அதனைக் கற்றுக்கொடுங்கள். முதலில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.