சீனி மூடைகளுக்கு அடியில்

2013ஆம் ஆண்டு யூலை மாதம், கியூபாவிலிருந்து தாயகம் திரும்பிக்கொண்டிருந்த வடகொரியக் கப்பலொன்று பனாமாக் கால்வாயை அணுகுகையில் தடுத்து நிறுத்தப்பட்டது. சொங் சொன் காங் என்பது அதன் பெயர். ஏற்றியிருப்பது சீனி என்றே கப்பலின் பத்திரங்கள் கூறின. பனாமா அதிகாரிகளோ போதைப்பொருள் இருக்கலாமென ஐயுற்றுச் சோதனையிட்டனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சீனி மூடைகளின் அடியில் போதைப்பொருள் இருக்கவில்லை. இரண்டு மிக்-21 போர் விமானங்களும் ஏவுகணைத் தொகுதிகளின் பாகங்களும் இருந்தன.

ஒரு நாடு பழைய விமானங்களை ஏற்றிச் செல்வது குற்றமாவது எவ்வாறு? அதற்குச் சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 2003இல் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்த வடகொரியா, 2006 ஒக்டோபர் 9ஆம் திகதி தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. ஐந்தே நாட்களில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1718ஆம் இலக்கத் தீர்மானத்தால் தடைகளை விதித்தது. 2009 மே மாதத்தில் இரண்டாவது சோதனை நிகழவே, அடுத்த மாதம் 1874ஆம் தீர்மானம் பிறந்தது. ஆயுத வாணிபத்தால் வரும் பணம் அணுகுண்டுக்கு உதவலாகாது என்பதற்காக ஆயுதத் தடை விரிவாக்கப்பட்டது. தடைகள் பேணப்படுகின்றனவா என்று ஆராய எழுவர் கொண்ட நிபுணர் குழுவொன்றும் அமைக்கப்பட்டது. பின்னர் அக்குழு எண்மராயிற்று.

இக்குழுவிடம் படையுமில்லை, காவலருமில்லை. கப்பற் பத்திரங்கள், கம்பனிப் பதிவேடுகள், செய்மதிப் படங்கள், நாடுகள் கைப்பற்றிய பொருள்கள் ஆகியனவே அதன் கருவிகள். பழுதுபார்ப்பதற்காகவே அந்த ஆயுதங்களை அனுப்பியதாகக் கியூபா கூறிற்று. குழுவினரோ பனாமாவுக்குச் சென்று பொருள்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்தனர். கொள்கலன்களை முதலில் ஏற்றி, அவை வெளியே தெரியாதவாறு சீனியால் மூடுமாறு மாலுமிகளுக்கு இடப்பட்ட கட்டளை அகப்பட்டது. கப்பலை இயக்கிய கம்பனியும் இனங்காணப்பட்டு, 2014 யூலையில் தடைப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அக்கம்பனி தன் கப்பல்கள் பலவற்றின் பெயர்களை மாற்றிற்று. குழு அந்தப் புதுப்பெயர்களையும் உலகறிய வெளியிட்டது.

2017 டிசம்பரில், வடகொரியாவுக்குச் செல்லும் சுத்திகரித்த எண்ணெய் ஆண்டுக்கு 5 இலட்சம் பீப்பாய்கள் என மட்டுப்படுத்தப்பட்டது. அதன்பின், நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றப்படுவதையும், இருப்பிடம் காட்டும் கருவிகள் அணைக்கப்படுவதையும் குழுவின் அறிக்கைகள் படங்களுடன் எடுத்துக்காட்டின. வங்கியாளரும் காப்புறுதிக்காரரும் துறைமுக அதிகாரிகளும் எவரோடு வாணிபஞ் செய்தலாகாது என்பதை அவ்வறிக்கைகளிலிருந்து அறிந்துகொண்டனர்.

இவையெல்லாம் அணுகுண்டைத் தடுத்துவிட்டனவா எனின், இல்லை. 2006 முதல் 2017 வரை வடகொரியா ஆறு முறை சோதனை நடத்தியது. கண்காணிப்பு ஒரு மதிலன்று. அது ஒரு சாட்சி. மறைவாகச் செய்வதை வெளிப்படுத்தி, ஒவ்வொரு கடத்தலையும் கடினமாக்குவதே அதன் பணி.

அச்சாட்சி 2024இல் அகற்றப்பட்டது. வடகொரிய ஆயுதங்கள் இரஷ்யாவுக்குச் செல்வதாக வந்த செய்திகளைக் குழு ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. மார்ச் 28ஆம் திகதி, குழுவின் பதவிக்காலத்தை நீடிக்கும் பிரேரணைக்குப் பாதுகாப்புச் சபையின் பதினைந்து உறுப்பினருள் பதின்மூவர் ஆதரவளித்தனர். சீனா வாக்களிக்காது ஒதுங்கியது. இரஷ்யா தன் வீற்றோ அதிகாரத்தால் அதனைத் தோற்கடித்தது. ஏப்ரல் 30ஆம் திகதியுடன் குழு முடிவுற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் பதினொரு நாடுகள் கூடித் தமக்கெனக் கண்காணிப்புக் குழுவொன்றை அறிவித்தன. ஆயினும் அது அந்நாடுகளின் குரல். பாதுகாப்புச் சபையின் ஆணை பெற்றதன்று.

தடைத் தீர்மானங்களைக் குழுவின் முடிவு நீக்கிவிடவில்லை. ஆனால் மூடைகளைப் புரட்டிப் பார்த்து, கண்டதை எல்லா நாடுகளின் பெயராலும் எழுதிவைக்கும் கை இல்லாதபோது, சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். பனாமாவில் இறக்கப்பட்ட சீனி மூடைகள் கற்பித்த பாடம் இதுவே.