ஆவடி டெப்போவும் சிங்கப்பூர்க் கல்லும்

திருநின்றவூரில் கிழக்கு நோக்கி இரயிலேறினால் சிறிது நேரத்தில் ஆவடி வந்துவிடுகிறது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட, தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை இதுவே. இன்று டாங்கித் தொழிற்சாலையால் பிரசித்தி பெற்ற அந்த ஆவடியில், மலேயாவுக்குக் கூலிகளாய்ச் செல்வோரைத் தங்கவைக்கும் டெப்போ ஒன்று முன்னாளில் இருந்ததையும், கூலியாள் சேர்க்கும் கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் அங்கே வைத்தியப் பரிசோதனை முடித்து, அம்மை குத்திக்கொண்டு, பினாங்குக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்ததையும் நினைப்பவர் அரியர். 1938 ஜூன் 15-இல் இந்திய சர்க்கார் அக்குடியேற்றத்துக்குத் தடை விதித்தது.

அக்குடும்பங்களின் பிள்ளைகள் இரப்பர்த் தோட்டத்து லயங்களில் வளர்ந்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டுமென்ற வழக்கம் அங்கே எவ்வளவு கசப்பை விளைத்திருந்ததெனில், 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் அதை ஒழிப்பதும் ஒரு கோரிக்கையாய் இடம்பெற்றது. ஆகவே 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, விடியலில் பால்மரம் வெட்டப் போன வாலிபர்கள் அதில் திரளாய்ச் சேர்ந்ததிலும், அவர்களுடைய சகோதரிகள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியதிலும் வியப்பில்லை. சயாம் இரயில்பாதை வேலைக்கு, அப்போது மலேயாவைக் கைப்பற்றியிருந்த ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயத்தால் சேர்ந்தவர்களும் உண்டு. தேசபக்தியோடு பயமும் பசியும் கலந்திருந்தமையால் அவர்கள் தியாகம் ஓர் அணுவும் குறைந்துவிடாது என்பதே என் துணிபு.

1944-இல் இம்பால் போர்முனையினின்று அடைமழையில் பின்வாங்கிய அப்படையில், குண்டுபட்டு மாண்டவரைக் காட்டிலும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் பட்டினியாலும் மாண்டவரே அதிகம். சஞ்சிக்கூலி எனப்பட்ட ஒப்பந்தக் கூலியின் பேரன் எவனேனும் அவர்களிடையே இருந்திருந்தால், பாட்டன் பிறந்த செங்கற்பட்டுச் சீமையை அல்ல, மணிப்பூர் மலைகளைத்தான் அவன் இந்தியாவென்று முதன்முதலாகக் கண்டிருப்பான்.

பெயரறியா அவ்வீரர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலை 8-ஆம் நாள் ஒரு நினைவுக்கல்லுக்குப் போஸ் அஸ்திவாரமிட்டார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருளுடைய மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர், நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் உத்தரவின்படி, அதைத் தகர்த்துவிட்டார்கள்.

கையில் பொருளின்றி மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடிக் கோயில் எடுத்து, கச்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் காடவர்கோனையும் தம் ஊருக்கு ஓடிவரச் செய்தாரே பூசலார், அவர் பிறந்த திருநின்றவூரில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது எனக்குச் சற்றுச் சிரிப்பும் வருகிறது. மனத்தில் எழுந்ததை வெடியால் தகர்க்க முடியாதென்று அறிய, அந்தக் கல்லுக்கு வெடி வைத்தவர்கள் பெரியபுராணம் படித்திருக்க நியாயமில்லை.

கல் நின்ற இடத்தில் 1995-இல் சிங்கப்பூரார் ஓர் அடையாளச் சின்னம் அமைத்தார்கள். எஸ்பிளனேடுப் பூங்காவில் அது இன்றும் இருக்கிறது.