திருமங்கலத்துப் பாட்டி கண்ணுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக்

1/ திருமங்கலம்னாலே பலருக்கு 2009 இடைத்தேர்தல் 'ஃபார்முலா'தான் ஞாபகம் வரும். இன்னைக்கு அந்த ஊர்ப் பக்கத்துல இருந்து வேற ஒரு வரலாறு. நீளமான த்ரெட். பொறுமையா வாசிங்க.

2/ 2024 ஜனவரியில் நியூராலிங்க் முதல் மனிதரின் மூளையில் சிப் பொருத்தியதிலிருந்து ஒரு கேள்வி சுத்திக்கிட்டே இருக்கு. "மனுஷன் தன் உடம்போட கருவியைச் சேர்த்துக்க சம்மதிப்பானா?"

3/ ஏதோ நாளைக்கு வரப்போற கேள்வி மாதிரி பேசுறோம். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. வயசானவங்கள்ல பல பேர் கண்ணுக்குள்ள சுமார் 6 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு செயற்கை லென்ஸ் இருக்கும். பிறவியில் இருந்த பாகத்தை எடுத்துட்டு, தொழிற்சாலையில் செஞ்சதை வச்சாச்சு. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு "லென்ஸ் வச்ச ஆபரேஷன்". அவ்வளவுதான்!

4/ இந்தச் சம்மதம் எப்படி வந்துச்சுங்கிறதுதான் கதை. ஆரம்பம் லண்டனில். இரண்டாம் உலகப்போரில், 1940 ஆகஸ்டில், கார்டன் கிளீவர் என்ற விமானியின் ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டது. விமானிக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் மூடி நொறுங்கி, சில்லுகள் அவர் கண்ணுக்குள் பாய்ந்தன.

5/ அவருக்குச் சிகிச்சை கொடுத்தவர்களில் ஒருவர் டாக்டர் ஹெரால்டு ரிட்லி. பொதுவா கண்ணுக்குள்ள அந்நியப் பொருள் போனா கண் கொந்தளிக்கும். இந்தச் சில்லுகள் மட்டும் பெரிய ரகளை இல்லாம உள்ளேயே கிடந்தன. அப்படின்னா இந்தப் பொருளிலேயே லென்ஸ் செய்து உள்ளே வைக்கலாமே என்று யோசித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதற்கான முதல் அறுவை சிகிச்சை நடந்தது.

6/ கைதட்டல் கிடைச்சுதா? இல்லை. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் டாக்டர் வேலை, வைப்பதா என்று சக மருத்துவர்களே எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. ஆரம்பகால லென்ஸ்கள் கனமானவை, இடம் நழுவின. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதை ஏற்றுக்கொண்டது 1981-ல்தான். 30 வருஷத்துக்கு மேல!

7/ அந்தக் காலகட்டத்தில் நம்ம ஊரில்? புரை விழுந்த லென்ஸை உறையோடு எடுத்துவிட்டு, தடிமனான கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். சோடாபுட்டி கண்ணாடி. வயசானவங்க பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

8/ அந்தக் கண்ணாடி வழியா எல்லாமே கால் பங்குக்கு மேல பெரிசாத் தெரியும். படி ஒரு இடத்தில் இருக்கும், கால் வேற இடத்தில் போகும். பக்கவாட்டில் வர்ற ஆள் திடீர்னு முளைச்ச மாதிரி தெரிவார். ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆனவருக்கு இரண்டு கண்ணும் ஒத்துப் போகாது. கரிசக்காட்டுல களையெடுக்கும்போது கண்ணாடி விழுந்து உடைஞ்சா? மறுபடியும் குருடுதான்.

9/ இந்தச் சூழலில்தான் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி வருகிறார். முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளோடு பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை சிகிச்சை செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

10/ 1980-களில் லென்ஸ் இந்தியாவுக்கும் வந்தது. ஆனா எல்லாம் இறக்குமதி. ஒரு லென்ஸே 100 டாலர் அளவுக்குப் போகும். விளைவு, காசு இருந்தவங்களுக்கு லென்ஸ், இல்லாதவங்களுக்கு சோடாபுட்டி. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் தேவையா, கட்டுபடியாகுமா என்று பன்னாட்டு வல்லுநர்கள் மத்தியில் விவாதம் வேறு.

11/ இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. "மக்கள் சம்மதிப்பாங்களா" என்ற கேள்வி திருமங்கலத்துப் பாட்டிகிட்ட அன்னைக்கு யாரும் கேட்கவே இல்லை. "இவங்களுக்கு இது எதுக்கு" என்ற கேள்விதான் அவங்களுக்கு எட்டாத இடத்துல நடந்துக்கிட்டு இருந்துச்சு.

12/ அரவிந்த் கொடுத்த பதில்: நாமே செய்வோம். 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். இன்று அந்த லென்ஸ்கள் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

13/ விலை மட்டும் குறைஞ்சா போதுமா? ஆதாரமும் வேணும். மதுரையில் 3,400 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பழைய முறையும் கண்ணாடியும், மறு பிரிவுக்கு லென்ஸும் கொடுத்து ஆய்வு செய்தார்கள். 1998-ல் முடிவு வெளிவந்தது. லென்ஸ் பாதுகாப்பானது, பார்வையும் மேல். ஏழை நாட்டுக்கு எதுக்கு என்று கேட்டவர்களுக்கு இது மதுரை கொடுத்த பதில்.

14/ சரி, விலையும் குறைஞ்சாச்சு, ஆதாரமும் வந்தாச்சு. ஜனங்க ஓடி வந்தாங்களா? அதுவும் இல்லை. 1999-ல் வெளியான ஓர் ஆய்வு: தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் பிரச்சினை இருந்தவர்களில் இலவச முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு.

15/ ஏன்? "உடம்புக்குள்ள பிளாஸ்டிக்கா" என்ற தத்துவக் கவலை பெரிசா இல்லை. பயம். பஸ் செலவு. கூட வர்றவருக்குப் போகிற ஒரு நாள் கூலி. "வீட்டுல மாட்டையும் பேரப்பிள்ளையையும் யாரு பாக்குறது?" "இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா?"

16/ எது வேலை செய்தது என்பதற்கும் 1991-ல் வெளியான ஒரு தென்னிந்திய ஆய்வு இருக்கிறது. சாப்பாடு, போக்குவரத்து உட்பட முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டபோது அதிகம் பேர் வந்தார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர் வீடு தேடிப்போய்ப் பேசியதும் பலன் கொடுத்தது. டாக்டர் நூறு தடவை சொல்றதைவிட, "போய்ட்டு வா ஆத்தா, நான் பாக்கலையா?"ன்னு எதிர்வீட்டு அக்கா ஒரு தடவை சொன்னா போதும்.

17/ இப்ப இன்னொரு கண் கருவியின் கதை. ஆர்கஸ் 2. விழித்திரை நோயால் பார்வை இழந்தவர்களுக்காக அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்தது. கண்ணுக்குள் 60 மின்முனைகள், கண்ணாடியில் கேமரா. அமெரிக்காவில் 2013-ல் அனுமதி. விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர்.

18/ 2019-ல் அந்த நிறுவனம் இந்தக் கருவியைக் கைவிட்டது. 2020-ல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டவர்கள் அதைப் பொருத்தியிருந்தார்கள். பழுதானா பார்க்க ஆளில்லை, உதிரிபாகம் இல்லை. கண்ணுக்குள் கருவி இருக்கு, கருவிக்குப் பின்னால கம்பெனி இல்லை.

19/ நம்ம பாட்டியோட லென்ஸுக்கு பேட்டரி இல்லை, அப்டேட் இல்லை, மாசச் சந்தா இல்லை. செஞ்ச கம்பெனியை நாளைக்கே மூடினாலும் பாட்டிக்குப் பார்வை இருக்கும். இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாப் படுது.

20/ அதனால "மக்கள் சம்மதிப்பாங்களா" என்பது பாதிக் கேள்வி. தேவை நிஜமா இருந்து, விலை கைக்கு எட்டி, தெரிஞ்சவங்க நல்லபடியாத் திரும்பி வந்தா, சம்மதிப்பாங்க. திருமங்கலம் சம்மதிச்சிருக்கு. மீதிப் பாதி: வச்சதுக்கு அப்புறம் யாரு பொறுப்பு? எத்தனை வருஷத்துக்கு? பழுதானா யார் செலவு? நாளைக்கு சிப்பே வந்தாலும் கேட்க வேண்டியது இதைத்தான்.

21/ கடைசியா டாக்டரா நாலு வார்த்தை. வீட்டுல பெரியவங்களுக்கு லென்ஸ் வச்சிருந்தா, ஆஸ்பத்திரியில் கொடுத்த லென்ஸ் கார்டு எங்க இருக்குன்னு இன்னைக்கே தேடுங்க. போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஆபரேஷன் ஆகி சில மாசமோ வருஷமோ கழிச்சு மறுபடி மங்கலானா "அவ்வளவுதான்"னு விட்டுடாதீங்க. லென்ஸுக்குப் பின்னாடி இருக்கிற உறை மங்கியிருக்கலாம், அதை லேசரில் சில நிமிஷத்தில் சரி செய்யலாம். வேற காரணமும் இருக்கலாம், டாக்டர் பார்த்துதான் சொல்ல முடியும்.

22/ இன்னொண்ணு. "இந்த வயசுல எனக்கு எதுக்கு"ன்னு சொல்ற ஒருத்தர் உங்க தெருவிலும் இருப்பாங்க. முகாம் தேதி சொல்றதோட நிறுத்தாதீங்க. ஒரு நாள் லீவு போட்டு, கூடவே பஸ் ஏறுங்க.